என் மகளைக் கவனித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

செய்யாறு வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஊர்ப்புற நூலகராகப் பணிபுரியும் நான், எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர்களுக்கும், அங்கே சமைத்துப் பரிமாறும் தாய்மார்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தாருக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவினருக்கும், ஊராருக்கும் இம்மடலை எழுதுகிறேன். 2022 ஆகஸ்டில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இப்போது அவள் ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் கைகூப்பிச் சொல்லிவந்த நன்றியை, யார் என்ன செய்தார்கள் என்ற விவரத்தோடு எழுதி வைக்க வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகவே நினைத்திருந்தேன்.

முதல் நன்றி நான்காம் வகுப்பு ஆசிரியைக்கு. அந்த ஆகஸ்டு மாதம் என் மகள் மெலிந்தாள். வளர்கிற பிள்ளை, உயரம் போடுகிறாள் என்று எண்ணிக்கொண்டோம். மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கமாகிய படுக்கையை நனைப்பது மறுபடி தொடங்கியது. அதற்காக அவளைக் கண்டிக்கவும் செய்தோம். அதை இப்போது எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது. ஆசிரியையோ கண்டிக்கவில்லை, கணக்கெடுத்தார். மகளின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதி அனுப்பிய வரிகள் இவை: "முதல் இடைவேளைக்குள் ஒரு லிட்டர் புட்டியை இரண்டு முறை நிரப்பிக் குடித்துவிடுகிறாள். பாடவேளைக்கு ஒரு முறை வெளியே போக அனுமதி கேட்கிறாள். மதியம் மேசையில் தலைசாய்த்துத் தூங்குகிறாள். தயவுசெய்து சர்க்கரை பார்த்துவிடுங்கள்." அளவுகடந்த தாகம், அடிக்கடி சிறுநீர், மெலிவு, சோர்வு ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்று பின்னாளில் மருத்துவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அந்த நான்கையும் அவர் கண்டிருந்தார். வீட்டில் ஒரே பிள்ளையை வைத்திருந்த நாங்கள் காணவில்லை.

அந்த நோட்டை நான் பார்த்தது மறுநாள் இரவில்தான். அதற்குள் அவளுக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வந்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் காட்டி, அஜீரணம் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். நள்ளிரவில் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கத் தொடங்கியது. அப்போதுதான் ஆசிரியையின் வரிகள் நினைவுக்கு வர, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம்.

அன்றிரவு பணியிலிருந்த செவிலியர், குழந்தையின் முகத்தருகே குனிந்து மூச்சை முகர்ந்தார். அழுகிய பழத்தின் வாடை போல் ஒன்று வந்திருக்க வேண்டும். வேறு எதுவும் கேட்காமல் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார். கருவி எண் எதையும் காட்டாமல் 'ஹை' என்று மட்டும் காட்டியது. அது அளக்கக்கூடிய எல்லையைச் சர்க்கரை தாண்டிவிட்டது என்பது அதன் பொருள். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தவறுதலாகக் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இந்நோய். இன்சுலின் இல்லாமல் சர்க்கரை இரத்தத்தில் தேங்க, உடல் பசியால் தன் கொழுப்பையே எரிக்கும். அப்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஏறும். அந்த அமிலத்தை மூச்சின் வழியாக வெளியேற்றத்தான் உடல் அப்படி வாங்கி வாங்கி மூச்சு விடுகிறது. ஆஸ்துமா என்றும் வயிற்றுக் கோளாறு என்றும் இதைத் தவறாக எடுத்துக்கொள்வது பலருக்கும் நேர்கிறதாம். அந்தச் செவிலியர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு உப்புநீர் ஏற்றி, 108 வண்டியையும் அவரே வரவழைத்தார்.

அரசு மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்த இரண்டு இரவுகளைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. மணிக்கொரு முறை விரலில் குத்திப் பார்த்து, இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். "ஏன் சார் சீக்கிரம் குறைக்கக் கூடாது?" என்று நான் கேட்டபோது, அவசரப்பட்டுக் குறைத்தால் மூளை வீங்கும் ஆபத்து உண்டு என்று பயிற்சி மருத்துவர் ஒருவர், தூக்கமற்ற கண்களோடு, பொறுமையாக விளக்கினார். என் வயதில் பாதிகூட இராத அந்தத் தம்பிக்கு என் வணக்கம். மூன்றாம் நாள் காலை என் மகள் இட்லி கேட்டாள். அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் தூய்மைப் பணியாளராக இருந்த அம்மாள்.

வீட்டுக்கு அனுப்புமுன் குழந்தைகள் பிரிவின் செவிலியர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து இரண்டு மணிநேரம் பாடம் நடத்தினார். இனிப்புத் தின்றதால் வந்த நோய் அல்ல இது, பெற்றோரின் தவறும் அல்ல, ஒட்டிக்கொள்வதும் அல்ல, இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று அவர் நான்கு முறையாவது திருப்பிச் சொல்லியிருப்பார். ஏன் அத்தனை முறை சொன்னார் என்பது ஊருக்குத் திரும்பியதும் புரிந்தது. மூலிகைச் சூரணத்தால் மூன்றே மாதத்தில் ஊசியை நிறுத்திவிடலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் கணையத்தில் மிஞ்சியிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் வேலைசெய்வதால் இன்சுலின் தேவை தானாகவே குறைவதுண்டு. அந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன என்று அந்தச் செவிலியர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால், ஆசையில் நாங்களும் ஏமாந்திருப்போம்.

எங்கள் வீட்டில் அப்போது குளிர்ப்பெட்டி கிடையாது. திறக்காத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. எதிர்வீட்டுப் பெரியம்மா தம் குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டு ஒன்றை முழுமையாக ஒழித்துக் கொடுத்தார். பயன்பாட்டில் இருக்கும் குப்பியை, ஈரமணல் பரப்பிய பெரிய சட்டிக்குள் சிறிய பானை ஒன்றை வைத்து அதில் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஏற்ற அளவில் இரண்டு சட்டிகளைச் செய்து கொடுத்த குயவர், காசு வாங்க மறுத்துவிட்டார். அவ்விரண்டு சட்டிகளும் இன்றும் எங்கள் வீட்டில் நிழலான மூலையில்தான் இருக்கின்றன.

கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒரு முறை வெளியூரில் அவசரத்துக்கு வாங்கிய ஊசிகளுடன் நான் அவர் கடைக்குப் போனேன். பையில் இருந்த ஊசிகளின் மூடி ஆரஞ்சு நிறத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "எந்தக் குப்பிக்கு இது?" என்று கேட்டார். அரசு மருத்துவமனையில் தருகிற குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி ஊசியோ 100 யூனிட் மருந்துக்கு உரியது. அதில் பத்தாம் கோடு வரை இழுத்தால், பத்து யூனிட் போட்டதாக நாம் நினைக்க, உண்மையில் உடலில் இறங்குவது 4 யூனிட்தான். முந்தைய இரண்டு நாட்களாகச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தவித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த ஒரு கேள்வி விடை தந்தது. வீட்டில் இப்படிப்பட்ட பிள்ளை உள்ள பெற்றோர் இதைப் படித்தால், குப்பியையும் ஊசி மூடியையும் ஒவ்வொரு முறையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பள்ளியைப் பற்றி. மகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்களோ என்ற அச்சத்தோடு போன எங்களிடம் தலைமையாசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எங்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?" மதிய உணவுக்கு அரைமணி முன்னதாக ஊசி போட வேண்டும் என்றபோது, அவளுக்கு மட்டும் 12 மணிக்கு மணியடித்ததாக வைத்துக்கொள்வோம் என்று தம் அறையிலேயே இடம் ஒதுக்கினார். முதல் ஆண்டு என் மனைவி போய்ப் போட்டார். பிறகு மகளே போட்டுக்கொள்ளக் கற்றாள். சத்துணவு அமைப்பாளரும் சமையலர் அக்காவும் அவளுக்கென ஒரு குவளையை வைத்து, தினமும் அதே அளவு சோறும் கூடுதலாகக் காயும் முட்டையும் பரிமாறினார்கள். அளவு மாறினால் மருந்தின் கணக்கும் மாறிவிடும் என்பதை ஒரு முறை சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். 2023 ஆகஸ்டு 25 முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தபோது, தோழிகளோடு உட்கார்ந்து உப்புமா சாப்பிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த அந்தத் தாய்மார்கள், நாளைக்கு என்ன சமையல், எத்தனை கரண்டி என்பதை முதல் நாள் மாலையே எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் ஆசை நிறைவேறியது. ஊசி குத்துவதைவிடத் தனியே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய வலி என்பது என் கருத்து.

ஐந்தாம் வகுப்பு தமிழ் நோட்டு ஒன்றை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதன் ஒரு பக்கத்தில், மேலே நேராகத் தொடங்கும் எழுத்துகள் ஐந்தாம் வரியில் கோட்டைவிட்டு இறங்குகின்றன. ஏழாம் வரியில் ஒரே சொல் மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது. அதன்பின் வெறும் கிறுக்கல். அருகில் இருந்த தோழி அதைப் பார்த்தாள். என் மகளின் கையைத் தொட்டாள், ஜில்லென்று வியர்த்திருந்தது. எழுந்து ஆசிரியையின் மேசை இழுப்பறையைத் திறந்து, அங்கிருந்த சர்க்கரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். இன்சுலின் போடும் பிள்ளைகளுக்குச் சில வேளை இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி இப்படித் தடுமாற்றம் வரும். அது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், நினைவு இருக்கும்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தந்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்; நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். இதை வகுப்பு முழுவதற்கும் ஆசிரியை முன்பே நடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி அதை நினைவில் வைத்திருந்தாள். கைகொடுத்த தோழியே, உன் பெயரை இங்கே எழுதவில்லை. உன் பெற்றோரிடம் நேரில் வந்து சொல்லிவிட்டேன்.

என் மகளுக்கு வந்த நோயைத் தடுக்க இன்றைக்கு வழியில்லை. ஆனால் தடுக்கக்கூடியவை பல இருக்கின்றன என்று அந்த ஆசிரியை பிடிவாதமாகச் சொன்னார். அவரால் பயனடைந்த மற்றப் பிள்ளைகளின் சார்பிலும் நன்றி சொல்ல விரும்புகிறேன். நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்த நாளில் யாரும் விடுப்பு எடுக்காதபடி வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறான் என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த சிறுவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது அன்று தெரிந்தது. அவனுக்குக் கண்ணாடி கிடைத்தது. இமையின் உட்புறம் வெளுத்திருந்த பெண் பிள்ளைகளுக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையையும், குடற்புழு நீக்க மாத்திரையையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் கண் முன்னால் சாப்பிட வைத்தார். பெண் பிள்ளைகள் பலர் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை என்பதையும், கழிப்பறைக்குப் போக அஞ்சியே குடிப்பதில்லை என்பதையும் கண்டுபிடித்தவரும் அவரே. ஊராட்சித் தலைவர் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து கொடுத்தார். தூய்மைக் காவலர் அம்மாள் நாள்தோறும் இரு வேளை கழுவி வைக்கிறார். அவர் கையால்தான் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று குறைந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பள்ளி வாசலில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, வண்ணச் சர்பத்துப் பைகளை நிறுத்திவிட்டு அவித்த கடலையும் கொய்யாவும் விற்கிறார். பல் சொத்தைக்கும், இப்போது சிறுவர்களிடமும் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் அந்தச் சர்பத்துக்கும் உள்ள உறவை விளக்கியபோது, தம் வருமானம் குறையும் என்று தெரிந்தும் அவர் மறுக்கவில்லை.

நேரில் நன்றி சொல்ல முடியாதவர்களும் சிலர் உண்டு. நூலகத்தில் தேடிப் படித்ததில், 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் போடப்பட்டது என்று அறிந்தேன். ஜனவரி 11-இல் போட்ட முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. காலிப் என்பவர் மருந்தைத் தூய்மைப்படுத்திய பின், 23-ஆம் நாள் போட்டது வேலை செய்தது. அதற்கு முன்பு இந்நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சிறிது காலம் வாழவைப்பது தவிர வேறு வழி இருந்ததில்லை. இன்சுலினின் காப்புரிமையை அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்சுலினைக் கண்டறிந்த பான்டிங் பிறந்த நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். நம் குழந்தைகள் நாளும் அதுவே. சென்ற ஆண்டு அந்நாளில் பள்ளியில் இதை நான் பேசியபோது, என் மகள் எழுந்து நின்று, தன் சோதனைக் கருவியை எல்லோருக்கும் காட்டினாள்.

சோதனைப் பட்டைகள் வாங்க மாதந்தோறும் உதவும் முன்னாள் மாணவர்களுக்கும், தேர்வு அறையில் கருவியும் தின்பண்டமும் வைத்துக்கொள்ள எந்தக் கடிதமும் கேட்காமல் அனுமதித்த ஆசிரியர்களுக்கும் என் வணக்கம்.

கடைசியாக, அன்றிரவு 108 வண்டியை ஓட்டி வந்தவருக்கு. எங்களை இறக்கிவிட்டபின் பல அழைப்புகளுக்கு நீங்கள் ஓடியிருப்பீர்கள். மறுநாள் காலை, வண்டியில் கிடந்த என் மகளின் ஒற்றைச் செருப்பைத் துடைத்து, ஒரு பையில் போட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என்னிடம் கொடுத்தீர்கள். "பாப்பா எழுந்ததும் கேட்கும்" என்றீர்கள். அவள் எழுந்ததும் கேட்டாள். உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். இது உங்கள் கண்ணில் பட்டால், எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு முறை வாருங்கள். அவளுக்கு உங்களைப் பார்க்க வேண்டுமாம்.

நன்றியுடன்,
ஒரு மகளின் தந்தை,
ஊர்ப்புற நூலகர், செய்யாறு வட்டம்