மாமாவின் ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள சேகர்,

மாமாவின் நுரையீரல் புற்றுநோய் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம், சின்னவள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிப்பதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை.

சரி, ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது நல்லதா கெட்டதா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். பேத்தாலஜி ரிப்போர்ட்டில் கட்டிக்குள் லிம்போசைட்டுகள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள், நிறைய என்று எழுதியிருப்பது பொதுவாக நல்ல அறிகுறிதான். ஆரம்பத்திலேயே பிடிபட்டு முழுசாக வெட்டி எடுத்த நுரையீரல் புற்றுநோய்கூடச் சிலருக்குத் திரும்ப வருகிறது, அதே ஸ்டேஜில் இருந்த இன்னொருவருக்கு வருவதில்லை. அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு நம் எதிர்ப்பு செல்களுடையது. 2008-லேயே பாரிஸில் ஆரம்பக் கட்ட நோயாளிகள் 74 பேரின் கட்டிகளைப் பார்த்தார்கள். கட்டிக்குள்ளேயே குட்டி நிணநீர் முடிச்சுகள் மாதிரி எதிர்ப்பு செல்கள் திரண்டிருந்தவர்கள் அதிக காலம் உயிரோடு இருந்தார்கள்.

ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பிவிடாதே. பிரிட்டனில் சார்ல்ஸ் ஸ்வான்டன் தலைமையில் டிரேசர்எக்ஸ் என்று ஒரு பெரிய ஆய்வு 2014-இலிருந்து நடக்கிறது, ஒரே கட்டியைப் பல இடங்களில் வெட்டிப் பார்க்கிறார்கள். ஒரு மூலையில் எதிர்ப்பு செல்கள் மொய்க்கின்றன, அதே கட்டியின் இன்னொரு மூலையில் ஆளையே காணோம்! 2020-இல் வந்த முடிவுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது: டிரேசர்எக்ஸின் 100 பேரிலும், தனியாக அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் உள்ள 970 பேரிலும் பார்த்தபோது, இப்படி வெறிச்சோடிய பகுதி ஒன்றுக்கு மேல் இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து அதிகம், கட்டியின் அளவு, ஸ்டேஜ், எத்தனை துண்டு எடுத்தார்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும். மொத்தத்தில் எவ்வளவு செல் இருக்கிறது என்று பார்த்துத் திருப்திப்படுவதைவிட, எங்கே இல்லை என்று தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே ஒரு ஸ்லைடில் அது தெரியாமல் போகலாம்.

செல்கள் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது என்பது இன்னொரு விஷயம். உடம்பில் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை ஹெச்எல்ஏ மூலக்கூறில் ஏந்தி, அடையாள அட்டை மாதிரி வெளியே காட்டும், அதைப் பார்த்துத்தான் டி செல்கள் என்ற வகை லிம்போசைட்டுகள் தாக்கும். ஏறக்குறைய 40 சதவீதக் கட்டிகளில் புற்றுசெல்கள் அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வந்த ஹெச்எல்ஏ மரபணுவைத் தொலைத்துவிட்டுத் தப்பிக்கின்றன என்று 2017-இல் இதே குழு காட்டியது.

அதனால் மாமாவுக்கு இப்போது செய்ய வேண்டியது: ஸ்டேஜை வைத்து டாக்டர் சொல்லும் சிகிச்சையும், தவறாத சிடி ஸ்கேனும். கட்டியில் பிடி-எல்1 என்ற புரதம், ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம், இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தார்களா என்று கட்டாயம் கேள், மேற்கொண்டு எந்த மருந்து என்பது அதைப் பொறுத்து மாறும். அப்புறம், அவர் பீடியை நிஜமாகவே விட்டுவிட்டாரா? அத்தையிடம் தனியாக விசாரித்து எழுது.

அன்புடன்,
முருகேசன்