பிரசவ வார்டுல ஒரு துணிக்கொடி கட்டிக் குடுங்க

எங்க ஊரு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும், பிரசவ வார்டு பொறுப்புல இருக்குற டாக்டரம்மாவுக்கும், சிஸ்டர்மாருக்கும் வணக்கம்.

போன மாசம் உங்க வார்டுல என் தங்கச்சிக்கு சிசேரியன்ல ஆம்பளப்பிள்ள பிறந்துது. ரெண்டு உயிரையும் பத்திரமா கையில குடுத்தீங்க, அதுக்கு மொதல்ல நன்றி, அத மனசாரத்தான் சொல்றேன். ஆனா மூணாம் நாள் காலைல நடந்ததும் உங்களுக்குத் தெரியும். வராந்தா கம்பியில எங்க அம்மா காயப்போட்டிருந்த பிள்ளைக்கு மூத்திரத்துக்குக் கட்டுற துணி 11-ஐயும் உருவி எடுத்து குப்பத்தொட்டியில போட்டுட்டாங்க. கேட்டதுக்கு, "துணி காயப்போடக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்குல்லா, கீழ மெடிக்கல்ல பேப்பர் நாப்பி கிடைக்கும், வாங்கிட்டு வாங்க"ன்னு பதில் வந்துது.

அது என்ன துணின்னு நான் சொல்லணும். எங்க அப்பா வருசக்கணக்கா உடுத்து உடுத்து பஞ்சு மாதிரி ஆன முண்டு. தங்கச்சிக்கு ஏழாம் மாசம் ஆனதும் அம்மா அத சதுரமா கிழிச்சு, ஓரம் அடிச்சு, வெந்நீர்ல ஊறப்போட்டு அலக்கி, நல்ல வெயில்ல காயவச்சு 30 துண்டு மடிச்சு வச்சிருந்தாங்க. புதுத்துணியில கஞ்சிப்பசை இருக்கும், பச்சப்பிள்ள தோலுக்கு உரசும்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, நாங்க மூணு பேரும் துணியில வளந்தவங்கதான். தொட்டிக்குள்ள கைய விட்டு எடுக்கப் போனவங்கள, "தொடாதீங்க, அது இனி ஆஸ்பத்திரி கழிவு"ன்னு தடுத்துட்டாங்க. அம்மா ஒண்ணும் சொல்லல, போட்டும் மக்ளேன்னு என் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க, அன்னைக்கு பூரா அப்புறம் வாயத் திறக்கல.

சரி, அந்த பேப்பர் நாப்பிய, அதான் ஒரு தடவ கட்டித் தூரப் போடுற டயப்பர, வாங்கிட்டு வந்தோம். மறுநாள் காலைல ரவுண்ட்ஸ் வந்தப்ப கேட்டீங்க, பிள்ள ராத்திரி எத்தன தடவ மூத்திரம் போச்சுன்னு. எங்களுக்கு பதில் தெரியல. எப்படி தெரியும்? அந்த நாப்பிக்குள்ள சோடியம் பாலிஅக்ரிலேட்னு ஒரு தூள் இருக்கு, ஈரம் பட்டதும் உறிஞ்சி ஜெல்லி மாதிரி ஆயிடும், பச்சப்பிள்ள போற அந்த ரெண்டு ஸ்பூன் மூத்திரம் மேல தொட்டா தெரியவே தெரியாது. பிள்ள வேற அழுதுட்டே கிடந்துது. பால் பத்தலியோ, பவுடர் பால் குடுக்கணுமோன்னு பேச்சு வந்ததும் தங்கச்சி தையல் போட்ட வயித்தப் பிடிச்சுட்டு குலுங்கிக் குலுங்கி அழுதா, தாயாகி நாலு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள தன் பால்மேலயே அவளுக்கு சந்தேகம் வந்துட்டு. அம்மா அந்த நாப்பிய அவுத்துட்டு மிச்சம் இருந்த துணியில ஒண்ண கட்டினாங்க. நனைய நனைய மாத்தி, சாயங்காலத்துக்குள்ள ஏழு துணி. பால் நல்லா இருந்துது, பிள்ளையும் நல்லா இருந்தான். அஞ்சாறு நாள் ஆன பிள்ள ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நனைச்சா பால் பத்துதுன்னு அர்த்தம்னு உங்க சிஸ்டர்மார்தான் சொல்லித் தாறாங்க, அந்தக் கணக்கு சுலபமா தெரியுறது துணியிலதான், அந்தத் துணியத்தான் நீங்க தொட்டியில போட்டீங்க.

உங்க பக்கத்து ஞாயம் புரியாம பேசல. நாலு பேரு நடக்குற வராந்தாவுல ஈரத்துணி தொங்கினா கிருமி பரவும், பாக்கவும் நல்லா இருக்காது. அதனாலதான் கேக்குறேன், மொட்டமாடியில ஒரு கொடி கட்டிக் குடுங்க, மழைக்கு மேல தகரம் போடுங்க, பக்கத்துல ஒரு குழாயும் ஒரு அலக்குகல்லும் வச்சுக் குடுங்க. இடம் குடுத்துட்டு அப்புறம் வராந்தாவுல போடாதன்னு சொன்னா நாங்க ஏன் போடப்போறோம்?

செலவையும் பாருங்க. நாப்பி ஒண்ணு பத்து ரூவான்னு வச்சாலும் ஒரு நாளைக்கு எட்டு மாத்தினா 80 ரூவா, மாசம் 2400. ரப்பர் வெட்டப் போறவருக்கும், முந்திரி ஃபேக்டரிக்கு போற பொம்பளைக்கும், கடலுக்குப் போறவருக்கும் அது என்ன காசுன்னு நான் சொல்லணுமா? துணின்னா ஒரு 25 துண்டு போதும், அடுத்த பிள்ளைக்கும் அதுவே ஆகும். இப்ப பட்டன் வச்சு, வெளிய வெள்ளம் ஒழுகாத கவரும் உள்ள மாத்துற துணியுமா வாற நாப்பி வாங்கினாலும் ஒரு தடவ செலவுதான், பிள்ள வளர வளர பட்டன மாத்திப் போட்டுக்கலாம்.

அப்புறம் இந்த நாப்பியெல்லாம் எங்க போவுது? நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல குழித்துறை பாலத்துமேல பைக்க நிறுத்தி கேரி பேக்க ஆத்துல வீசிட்டுப் போறத நான் கண்ணால பாத்துருக்கேன், நம்ம கடலோரத்து ஏ.வி.எம். கால்வாய்ல ஊதிப்போயி மிதக்குறதையும் பாத்துருக்கேன். மேல பிளாஸ்டிக், உள்ள ஜெல்லி, மக்கவும் மக்காது, எரிச்சா நாத்தமும் புகையும். பிளாஸ்டிக் கவருக்கு 2019 ஜனவரி 1-லருந்து தடை, அந்தப் பட்டியல்ல நாப்பி இல்ல. நாப்பி பாக்கெட்டோட சேத்து, பொதிஞ்சு களயதுக்கு ஒரு கவரையும் கம்பெனிக்காரங்க குடுக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே சொல்லிருந்தாங்க, நான் வாங்கின பாக்கெட்ல அப்படி ஒண்ணையும் காணல. கடேசியில வீட்டுக்கு வீடு குப்ப எடுக்க வாற அக்காதான் அடுத்தவன் பிள்ள மலத்த கையால பிரிக்கணும். எங்க தெருவுக்கு வாற அக்கா அதச் சொல்லிச் சொல்லி ஆறமாட்டேங்கறாங்க. ஒரு பிள்ள பிறந்த மூணாம் நாளே அந்தப் பழக்கத்த ஆஸ்பத்திரியே தொடங்கி வைக்குதேன்னுதான் எனக்கு ஆத்திரம்.

துணி வச்சா எல்லாம் தானா சரியாயிடும்னும் நான் சொல்லல. நனைஞ்ச துணிய மாத்தாம விட்டா அதுலயும் தோல் செவந்து புண்ணாகும், ஆனா துணியில ஈரம் உடனே தெரியும், மாத்தத் தோணும், அதான் வித்தியாசம். துணிய தொவைக்கவும் வெள்ளம் வேணும் கரண்ட் வேணும்னு சிலர் சொல்லுவாங்க. 2008-ல பிரிட்டன் அரசாங்கம் இத ஆராய்ஞ்சு, மிஷின் நிறைய துணி போட்டுத் தொவைச்சு, கொடியில காயவச்சு, அடுத்த பிள்ளைக்கும் அதையே எடுத்தா பேப்பர் நாப்பிய விட துணியிலதான் கெடுதல் கம்மின்னு சொல்லிருக்கு. அவங்க மெனக்கெட்டுச் சொல்ற கொடியும் வெயிலும் நமக்கு சும்மா கிடைக்குது. நம்ம ஜில்லாவுல ஆனியிலயும் மழ, ஐப்பசியிலயும் மழ, காயாதுதான், அப்ப ஃபேனுக்கு அடியில போட்டு இஸ்திரி பெட்டியால ஒரு தேய்ப்பு தேய்ச்சு எடுக்கணும், கூடுதல் வேலதான். தூரப் பயணம் போகும்போது நானும் பேப்பர் நாப்பி கட்டிருக்கேன். வேணுங்கறவங்க அத வாங்கட்டும். துணி வேணும்னு வாறவங்கள திருப்பி அனுப்பாதீங்க, அவ்வளவுதான்.

கூடவே டிஸ்சார்ஜ் பண்ணும்போது சிஸ்டர்மார் ஒரு அஞ்சு நிமிசம் சொல்லிக் குடுத்தா நல்லது: மலம் பட்ட துணிய மொதல்ல பச்சத்தண்ணியில அலசணும், வெந்நீர்ல போட்டா கற பிடிச்சுரும், அலசின வெள்ளத்த ஓடையில ஊத்தாம கக்கூஸ்ல ஊத்தணும், துணி மெதுவாக ஊத்துற வாசன லிக்விட் போட்டா துணி ஈரத்த உறிஞ்சாது. இத சொல்லித்தர எங்க வீட்டுல அம்மா இருக்காங்க, எல்லா வீட்டுலயும் இருக்க மாட்டாங்க.

எங்க மைனிக்கு ஐப்பசி கடேசியில தேதி குடுத்திருக்கு. உங்க வார்டுக்குத்தான் வருவோம், உங்க கைராசிமேல எங்களுக்கு நம்பிக்க உண்டு. அம்மா இப்பவே அடுத்த முண்ட எடுத்து கிழிக்க ஆரம்பிச்சுட்டாங்க. தயவுசெஞ்சு அதுக்குள்ள மாடியில ஒரு கொடி கட்டிக் குடுங்க. கயிறும் கிளிப்பும் நாங்களே வாங்கிட்டு வாறோம், ரெண்டு ஆணி அடிக்க அனுமதி மட்டும் குடுங்க ஐயா.