தென் ஒக்குகாகே பாதையைக் காப்பவர்களுக்கு நன்றி

வணக்கம்.

ஜப்பானில் யோஷினோவிலிருந்து குமானோ ஹோங்கூ கோயில் வரை மலைமுகட்டிலேயே செல்லும் ஓமினே ஒக்குகாகே யாத்திரைப் பாதையின் தென்பகுதியை நடந்துவிட்டு ஒசாகா திரும்பியிருக்கிறேன். கால்வலி தீர்வதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும். வலி போய்விட்டால், மலையே வழிவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும்.

முதல் நன்றி, பாதையைப் பராமரிக்கும் தன்னார்வலர்களான ஷிங்கூ யமாபிகோ குழுவினருக்கு. 1872இல் ஜப்பானின் மெய்ஜி அரசு, மலைகளில் தவம் செய்யும் ஷுகெண்டோ மரபைத் தடைசெய்தது. பிறகு யாத்திரை மீண்டபோதும் யமாபுஷிகள் என்னும் அந்த மரபின் மலைத்துறவிகள் பெரும்பாலும் பாதி வழியிலேயே, கீழேயுள்ள ஜென்கி என்ற ஊருக்கு இறங்கிவிட்டார்கள். அதற்குத் தெற்கே குட்டை மூங்கில் பாதையை விழுங்கியது. 1980களில் நீங்கள் அரிவாளோடு ஏறி அதை மீட்டீர்கள். 2004இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான், ஆனால் பட்டியல் புதர் வெட்டாது. நெஹான்தாகே ஏறும் வழியில் இருபுறமும் இடுப்பளவு மூங்கில், நடுவே ஓராள் அகலத்துக்குத் தண்டுகள் தரையோடு சாய்வாக வெட்டப்பட்டிருந்தன. வெட்டுவாய் இன்னும் காயவில்லை. கியோசென் குடிலில் தண்ணீர் கேன்களும் நிரம்பியிருந்தன. ஊற்றோ செங்குத்துச் சரிவில் வெகு கீழே. சுமந்தவர் யாரோ, அவர் தோள் நன்றாக இருக்கட்டும்.

ஜென்கியில் ஒனாகாபோ விடுதியை நடத்தும் குடும்பத்தாருக்கும் நன்றி. முன்பு அங்கே யாத்ரீகர்களுக்கு ஐந்து விடுதிகள் இருந்தன. எஞ்சியது உங்களுடையது மட்டுமே. ஷுகெண்டோவைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் எந்நோ கியோஜாவுக்கு ஏவல் செய்த பூதத் தம்பதியின் வழிவந்தவர்கள் நீங்கள் என்கிறார்கள். பூதத்தின் வாரிசுகள் கையால் இவ்வளவு பதமான சோறும் மிசோ சூப்பும் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஹெய்ஜி குடிலில் சந்தித்த யமாபுஷிப் பெரியவரே, இந்தப் பாதையின் எழுபத்தைந்து வழிபாட்டிடங்களுக்கும் எண் உண்டு, ஹோங்கூதான் ஒன்று என்று சொல்லிக்கொடுத்தீர்கள். எண் குறையக் குறைய மேடும் குறையும் என்று நம்பிவிடாதே என்றும் எச்சரித்தீர்கள். தமாகி மலை ஏறும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வடபகுதியிலுள்ள சான்ஜோகாதாகே சிகரத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்ற தடை இன்றும் நீடிக்கிறது. நான் தெற்கைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதற்கு மட்டும் நன்றி சொல்வதாக இல்லை.

இனி போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடில்களில் தங்கினால் உண்டியலில் பணம் போடுங்கள். ஊற்றுக்கு இறங்கினால் உங்களுக்குத் தேவையானதைவிட இரண்டு லிட்டர் கூடுதலாகத் தூக்கி வாருங்கள்.

நன்றியுடன்,
ஒசாகாவிலிருந்து ஒரு நடைப்பயணி