ஆன்ம சோதனைக்குக் கால் மணி நேரம் கொடுங்கள்

அன்புள்ள பங்குத்தந்தையர்களுக்கும் பங்குப்பேரவையினருக்கும்,

தோத்திரம் சாமி. மறைக்கல்வி ஆசிரியர்களாகிய நாங்கள் தவக்காலப் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் அருட்சாதனம் பற்றி எழுதுகிறோம்.

ஆன்ம சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்த்தல்), மனஸ்தாபம் (அவற்றுக்காக வருந்துதல்), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற உறுதி), குருவிடம் பாவங்களைச் சொல்லுதல், அபராதம் தீர்த்தல் (குரு பரிகாரமாகச் சொல்வதைச் செய்தல்). நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய இந்த ஐந்தையும், முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பிள்ளைகள்கூடத் தடங்கலில்லாமல் ஒப்பிப்பார்கள். நடப்பில் நான்காவது மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய பெரிய வாரத்தில் 2 குருக்கள், 1 மணி நேரம், 60 பேர் என்றால் தலைக்கு 2 நிமிடம். வரிசையில் நிற்பவர் மனம் வரிசை நகர்வதிலேயே இருக்கும். பாவசங்கீர்த்தனத் தொட்டி (குரு அமர்ந்து கேட்கும் கூண்டு) முன் முழந்தாளிட்டதும் "கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்குப் போகவில்லை" என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்ததுதான் வாயில் வரும். வேலைக்கார அம்மா காய்ச்சலில் வராத நாளுக்குச் சம்பளம் பிடித்ததும், தம்பி நிலத்துப் பக்கம் வரப்பை அரை அடி தள்ளி வெட்டியதும் அந்தப் பட்டியலில் கிடையாது.

சாவான பாவங்களை (கனமான பாவங்களை) வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்லவேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1551இல் கேட்டது வெறும் கணக்குக்காக அல்ல. எண்ணிப் பார்த்தால்தான், எப்போதோ ஒருமுறை என்று நினைத்தது வாரம் தவறாமல் நடந்திருப்பது தெரியும். புனித இஞ்ஞாசியார் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, மதியமும் இரவும் சோதித்து, விழுந்த தடவைகளைக் கோட்டின்மேல் புள்ளியாக வைக்கச் சொன்னார்.

திருச்சபையின் 1973ஆம் ஆண்டுப் பாவசங்கீர்த்தனச் சடங்குமுறையின் இரண்டாம் வடிவத்திலேயே வழி இருக்கிறது: கூடி வாசகம் கேட்டு, ஆன்ம சோதனை செய்து, பிறகு தனித்தனியே பாவசங்கீர்த்தனம். அதில் 10 கேள்விகள் போதும். ஒவ்வொன்றுக்கும் பிறகு முழுசாக 1 நிமிடம் அமைதி. பெரும்பாலும் கெடுவது இங்கேதான். வாசிப்பவர் மூச்சுவிடாமல் படித்து முடிப்பார், அல்லது பாடகர் குழு இடையில் பாட்டைத் தொடங்கிவிடும். கேள்வியும் சரியாக அமையவேண்டும். "கொலை செய்தேனா?" என்றால் இல்லை என்று உடனே கடந்துவிடலாம். "யாரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறேன், எத்தனை மாதமாக?" என்றால் ஒரு பெயர் நினைவுக்கு வந்தே தீரும்.

அபராதத்தையும் பாருங்கள் சாமி. பாவத்தின் தன்மைக்கு ஏற்ற அபராதம் என்கிறது திருச்சபைச் சட்டம் 981. எல்லோருக்கும் மூன்று அருள் நிறை மந்திரம் என்பது அதற்கு ஈடாகாது. பிடித்த சம்பளம் திரும்பப் போகவேண்டும். காரணம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, கையில் சேர்ந்தால் போதும்.

புனித வெள்ளிவரை தள்ளாமல், தவக்காலத்தின் மூன்றாம் வாரத்திலேயே ஒரு மாலையை இதற்கென்று அறிவியுங்கள். பக்கத்துப் பங்குகளிலிருந்து இன்னும் இரண்டு குருக்களையாவது அழையுங்கள். கேள்விகளை எழுதித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர்கள்