தப்பிவரும் அயல்நாட்டு விலங்குகள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மலைப்பாம்பு, இகுவானா என்னும் பெரிய பல்லி, குரங்கு என அயல்நாட்டு உயிர்களை வீட்டில் வளர்ப்போர் உண்டு. அவற்றில் ஒன்று வெளியேறிவிட்டால் செய்ய வேண்டியதை வளர்ப்பவர்களும் அக்கம்பக்கத்தாரும் இப்போதே அறிந்திருக்க வேண்டும்.

கண்ணாடித் தொட்டியின் மூடிக்குக் கொக்கி இல்லையென்றால் பாம்பு அதைத் தலையால் நெம்பித் திறந்துவிடும். பிறகு சூடு தேடிக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் போன்ற இடங்களில் ஒடுங்கிக்கொள்ளும். பிள்ளைகள் கண்டால் தொடவோ, வளைக்கவோ, கல்லெறியவோ கூடாது. பெரிய விலங்கு என்றால் முதுகு காட்டி ஓடவும் கூடாது. ஓடுவது துரத்தத் தூண்டும். அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கி, உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பெரியவரிடம் சொல்லட்டும்.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். குரங்கு கடித்தாலும் கீறினாலும் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்பதை அவரே சொல்ல வேண்டும்.

வளர்ப்பவர்களிடம் வற்புறுத்திக் கேட்பது ஒன்று: தப்பியதை மறைக்காதீர்கள். விஷமுறிவு மருந்து குறிப்பிட்ட பாம்பினங்களுக்கென்றே தயாராகிறது. உள்ளூர்ப் பாம்புகளுக்கான மருந்து வேறொரு கண்டத்துப் பாம்பின் விஷத்தை முறிக்காமல் போகலாம். இனம் தெரிந்தால்தான் சரியான மருந்தைத் தேடி வரவழைக்க முடியும். அபராதத்துக்கு அஞ்சி வாய்மூடியிருந்தால் ஒரு குழந்தையின் உயிரே போகலாம். தப்பியது தெரிந்ததும் காவல்துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள்.

பொறுப்பு யாருடையது? நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆனாலும் இயல்பிலேயே ஆபத்தான காட்டு விலங்கை வளர்ப்பவர், தன் பக்கம் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்பது பல நாடுகளில் நிலைத்த விதி. 1957-இல் இங்கிலாந்தில் வந்த தீர்ப்பு ஒன்றில், குரைத்த நாயைத் துரத்திய சர்க்கஸ் யானை ஒரு கொட்டகையைச் சாய்த்து, உள்ளே இருந்தவரைக் காயப்படுத்தியிருந்தது. அந்த யானை நன்கு பழகியது என்பது உரிமையாளரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவில்லை. காயம்பட்டவரே கூண்டுக்குள் கையை நுழைத்திருந்தால் நிலைமை மாறலாம். வீட்டுக் காப்பீடு இத்தகைய விலங்குகளை விலக்கியிருக்கக்கூடும். பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.

உங்கள் பிள்ளை காயப்பட்டால் காயத்தின் படம், மருத்துவரின் குறிப்பு, ரசீதுகள், பார்த்தவர்களின் பெயர்கள் அனைத்தையும் தேதியுடன் வைத்திருங்கள். வழக்குத் தொடரக் காலவரம்பு உண்டு என்பதால் வழக்கறிஞரைத் தாமதிக்காமல் பாருங்கள்.

எந்த விலங்கையும் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். ஆமை, பல்லி போன்றவை ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு அது கடுமையாகும்.

அயல்நாட்டு விலங்கு வளர்க்கும் பெற்றோர் அதன் அறிவியல் பெயர், புகைப்படம், கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை மூடிய உறையில் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள். அவசரம் நேர்ந்தால் மட்டுமே அதைப் பிரிப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்