பஞ்சிகாவத்தையில் உதவிய ஐயாவுக்கு நன்றி

எங்கள் பழைய ஆஸ்டின் மினியில் பெற்றோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே உச்சிக்கு ஏறி நின்றன. எஞ்சின் கொதிக்கிறதோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குச் சாமான் தேடி வந்த என்னை மறித்து, "இரண்டும் ஒன்றாப் பிழையாக் காட்டினா, இரண்டுக்கும் பொதுவானதைப் பார் தம்பி" என்றீர்கள். ஸ்பீடோமீட்டருக்குப் பின்னாலிருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான் அந்த இரண்டு மீட்டருக்கும் சராசரியாக 10 வோல்ட் அனுப்புகிறது. அதன் எர்த் (கார் பொடியோடு சேரும் மின் இணைப்பு) விட்டுப்போனால் பற்றறியின் முழு வோல்ட்டும் நேரே மீட்டர்களுக்குப் போய், முள்ளுகள் ஏறிவிடுமாம். அப்படியேதான் இருந்தது! துருவைச் சுரண்டி இறுக்கியதும் முள்ளுகள் இறங்கின. அன்று நீங்கள் பேரும் சொல்லவில்லை, தேத்தண்ணிக் காசுகூட வாங்கவில்லை. இந்த ஐயாவைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து அவருக்கு இதைக் காட்டுங்கள். மிக்க நன்றி ஐயா.