ஒன்பது மீட்டர் விமானத்துக்கு இன்னும் நாலேகால் லட்சம் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கோவை மாவட்டம் சூலூர் பக்கம் எங்கள் ஊர் அரசுப் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு விமானம் வரைந்தோம். மூக்கிலிருந்து வால்வரை 9 மீட்டர், இறக்கை முனைக்கு முனை ஆறேமுக்கால் மீட்டர். கோடு போட்டு முடித்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இறக்கைக்குள் கையை விரித்துப் படுத்துப் பார்த்தான். எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டே, "இவ்வளவுதானுங்களா சார்? டவுன் பஸ்ஸே இதைவிடப் பெருசுங்க" என்றான்.

அது நேட் என்ற சிறிய போர் விமானம், 1971 போரில் நம் விமானப்படை ஓட்டியது. அதில் பறந்து உயிர்விட்ட ஒரு வீரரின் நினைவாக, அதே அளவில் ஒரு மாதிரியை இந்தப் பள்ளியில் வைக்கத்தான் இந்தக் கடிதம். பக்கத்திலேயே எதிரியான பாகிஸ்தானின் சேபர் போர் விமானத்தையும் வரைந்தோம். அதன் இறக்கை மட்டும் 11 மீட்டருக்கு மேல். அன்று வந்தவை ஆறு சேபர்கள். ஆறையும் வரைய மைதானம் பத்தவில்லை, பொடியும் தீர்ந்துவிட்டது.

அன்று என்பது 1971 டிசம்பர் 14. காஷ்மீரின் ஸ்ரீநகர் விமானதளம். பெஷாவரிலிருந்து வந்த பாகிஸ்தான் சேபர்கள் தளத்தின் மேல் குண்டு போடத் தொடங்கியபோது, கூப்பிட்டதும் கிளம்பும் முறையில் காத்திருந்தவை இரண்டு நேட்கள். முதலாவதில் ஃப்ளைட் லெப்டினன்ட் குமன், அடுத்ததில் ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன். லூதியானா மாவட்டத்து இசேவால் கிராமத்துக்காரர். அப்பாவும் விமானப்படையில் இருந்தவர். எல்லோரையும் 'பிரதர்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, படையில் அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊர்ப் பையன்கள் கூப்பிடுகிற அதே பிரதர்தான்.

முன்னால் போன விமானம் கிளப்பிய புழுதியில் ஓடுபாதை தெரியவில்லை. புழுதி அடங்கும்வரை அவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. அதற்குள் சேபர்கள் தலைக்கு மேல் வந்துவிட்டன. குண்டு விழுகிற ஓடுபாதையில் விமானத்தை ஓட்டி மேலே ஏற்றுவது எப்படிப்பட்ட காரியம் என்று எங்கள் குழுவில் உள்ள முன்னாள் விமானப்படைக்காரர்களைக் கேட்டால், பதில் சொல்லாமல் காபியை ஆற்றிக்கொண்டிருப்பார்கள். சேகோன் ஏறினார். பனிமூட்டத்தில் குமனின் கண்ணிலிருந்து மறைந்தார். அதற்குப் பிறகு நடந்த சண்டையில் அவர் தனி ஆள்.

ஏறிய கையோடு இரண்டு சேபர்களைத் துரத்திப் பிடித்தார். நேட்டில் இருந்தவை இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள். சேபர் ஒவ்வொன்றிலும் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள். மர உச்சி உயரத்தில் வட்டமடித்துச் சண்டை நடந்தது. பின்னாலிருந்து வேறு சேபர்கள் வந்து சேர்ந்துகொண்டன. தனக்கு அடிபட்டதை ரேடியோவில் குமனுக்குச் சொன்னார். விமானம் பள்ளத்தாக்கில் விழுந்தது. எவ்வளவோ தேடியும் உடல் கிடைக்கவில்லை. இரண்டே நாளில், 16ஆம் தேதி, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் உச்ச விருதான பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் இன்றுவரை அவர்தான்.

பஞ்சாப்காரர் காஷ்மீரில் விழுந்தார், சூலூர்க்காரர்களுக்கு என்ன வேலை என்று நன்கொடை கேட்டுப் போன இடத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சேகோன் இருந்தது 18ஆம் ஸ்குவாட்ரனில். 1965இல் நேட் விமானங்களோடு தொடங்கப்பட்ட படைப்பிரிவு அது. 2016இல் அதை நிறுத்திவைத்தார்கள். 2020 மே 27 அன்று தேஜஸ் போர் விமானங்களோடு அது மறுபடி உயிர் பெற்றது நம் சூலூர் விமானப்படைத் தளத்தில்தான். ஊரடங்கு நேரம் என்பதால் பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டே தேஜஸ் பறப்பதைப் பார்த்த ஊர் இது. அந்தப் பிரிவின் மூத்த பிள்ளை யாரென்று இங்கே ஒரு கல்லில்கூட எழுதி வைக்கவில்லை.

சிலை வைக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. மாலை போட்டு, மறுநாளே மறந்துவிடுவோம் என்று அதைக் கைவிட்டோம். அந்த விமானத்தின் அளவைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதனால் பள்ளி வளாகத்திலேயே, சொன்ன அளவு குறையாமல், இரும்புச் சட்டமும் ஃபைபர் தோலுமாக ஒரு நேட் மாதிரி. கோட்டேஷன் கேட்ட முதல் இடத்திலிருந்து வந்த படத்தில் முக்கோண இறக்கை போட்டிருந்தார்கள், மூக்கில் புலி வேறு. பிறகு வெளியே கேட்பதை விட்டுவிட்டு, எங்கள் உறுப்பினர்களின் லேத் பட்டறையிலேயே ஆரம்பித்தோம். சட்டம் முடிந்துவிட்டது. கூலி யாரும் வாங்கவில்லை.

பலகையில் என்ன எழுதுவது என்பதில் இரண்டு கூட்டம் சண்டையிலேயே போனது. இரண்டு விமானங்களைச் 'சுட்டு வீழ்த்தினார்' என்று எழுதச் சொன்னவர்கள் பலர். விருதுக் குறிப்பில் இருப்பது இரண்டு விமானங்களைச் 'சேதப்படுத்தினார்' என்பதுதான். அதையே எழுதுகிறோம். அவர் செய்தது அப்படியே சொன்னால் போதாத காரியமா என்ன?

இனி கணக்கு. மொத்தச் செலவு 9,40,000 ரூபாய். இதுவரை சேர்ந்தது 5,15,000. இரும்பும் வெல்டிங்கும் அதில் அடங்கிவிட்டன. பாக்கி 4,25,000 இப்படிப் போகும்: ஃபைபர் தோலுக்கு 2,10,000, கான்கிரீட் மேடைக்கும் மேல் கூரைக்கும் 1,60,000, பெயின்ட், விளக்கு, பலகைக்கு 55,000. எங்கள் பொருளாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். டீச் செலவுக்குக்கூட ரசீது கேட்டு எங்களை வதைக்கிறார். ஆகவே ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் பணம் கொடுக்காதீர்கள். பத்து ரூபாய் என்றாலும் ரசீது உண்டு. மாணவர்கள் கொடுத்தது பெரும்பாலும் அந்தக் கணக்குதான். கொடுத்தவர்கள் பெயரெல்லாம் பின்சுவரில் ஒரே அளவு எழுத்தில், கொடுத்த தொகை இல்லாமல் வரும். இறக்கையில் 'உபயம்' எழுத மாட்டோம், மன்னிக்கவும்.

பணமாகத்தான் என்றில்லை. சிமென்ட், ஜல்லி, கூரைத் தகடு, லாரி வாடகை எதுவானாலும் சரி. வருகிற டிசம்பர் 14 காலை திறப்பதாக இருக்கிறோம். ஃபைபர் வேலைக்கு ஆறு வாரமாவது பிடிக்கும் என்பதால் தொகை அக்டோபர் கடைசிக்குள் கைக்கு வந்தால் உதவியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை பட்டறை திறந்திருக்கும். வந்து சட்டத்தைப் பாருங்கள். விமானி அறைக்குள் ஒரு ஆள்தான் உட்காரலாம், அதுவும் தோளை ஒடுக்கிக்கொண்டு. ரசீதுப் புத்தகம் அங்கேயே மேசைமேல் இருக்கும். உப்புத்தாள் தேய்க்க ஆள் பத்தவில்லை, பழைய சட்டை போட்டு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர், பொருளாளர் மற்றும் நினைவுக்குழு உறுப்பினர்கள்